ஜோனி மிட்செலின் கிட்டார் ஒலி நம் கிட்டாரில் ஏன் வருவதில்லை?

கனடாவின் பாடகி ஜோனி மிட்செலின் சில பாடல்களை இணையத்தில் கிடைத்த கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) வைத்து வாசித்துப் பார்த்ததாகவும், எல்லாம் சரியாகப் பிடித்தும் அந்தச் சத்தம் வரவே மாட்டேன் என்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சிறு வயதில் வந்த போலியோவால் கை பலவீனமாகி, அதனால்தான் அவர் கிட்டாரை வேறு மாதிரி சுருதி சேர்த்தார் என்று எங்கோ படித்ததாகச் சொல்லி, அது உண்மையா கட்டுக்கதையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்: அந்த ஒலி கையின் குறையிலிருந்து வந்ததா, அல்லது அவர் தேடிப்போய் எடுத்ததா? நான் இருபத்தாறு வருடமாகக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் பாதிக் காலத்துக்கு மேல் இவருடைய பாடல்களுக்காகக் கம்பிகளை இறக்கியும் ஏற்றியும் கழித்திருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை, அதனால் நரம்பு, தசை பற்றி என்னால் தீர்ப்பு சொல்ல முடியாது. விரல்கள் என்ன செய்கின்றன, காது என்ன கேட்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். ஜோனி 1943 நவம்பரில் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பிறந்தவர், சாஸ்கட்சுவான் பக்கம் வளர்ந்தவர். 1953-ல், ஒன்பது வயதில், போலியோ வந்து மருத்துவமனையில் கிடந்தார். கனடாவில் போலியோ மிக மோசமாகப் பரவிய ஆண்டு அது. தடுப்பூசி வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அவர் எழுந்து நடந்தார். ஆனால் இடது கை பழைய மாதிரி ஆகவில்லை என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கிட்டாரில் இடது கைதான் கார்டு பிடிக்கிற கை. நிலையான சுருதியில் (கம்பிகளை வழக்கமாகச் சேர்க்கும் முறையில்) எஃப் கார்டு பிடிக்க முதல் மாதம் நாம் எல்லாரும் என்ன பாடு படுகிறோம் என்று உங்களுக்கே தெரியும். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே அழுத்தி வைத்துக்கொண்டு மற்ற மூன்று விரலையும் தனித்தனியாக வளைக்க வேண்டும். பலவீனமான கைக்கு இது பெரிய பாரம்.

பலர் கவனிக்காத இன்னொரு விஷயம் வலது கை. ஜோனி, அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் வெளியிட்ட பயிற்சி இசைத்தட்டை வைத்துத்தான் கிட்டார் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். அதில் எலிசபெத் காட்டன் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாட்டியின் வாசிப்பு முறை இருந்தது: கட்டைவிரல் தடிமனான ஆறாம் கம்பிக்கும் ஐந்தாம் கம்பிக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மெட்டை எடுக்கும். ஜோனிக்கு அந்த மாறி மாறிப் போகும் கட்டைவிரல் வரவில்லை. பெரும்பாலும் ஆறாம் கம்பியையே அடித்து, அது ஐந்தாம் கம்பியில் போய் இடிக்கும்படி விட்டுவிட்டார். அவருடைய முதல் ஆல்பங்களில் அடியில் ஒரே ஸ்வரம் தம்புரா மாதிரி துடித்துக்கொண்டே இருக்கிறதே, அதற்கு இந்த 'வராத' கட்டைவிரலும் ஒரு காரணம். இதில் நெகிழ வைக்கிற விஷயம் ஒன்று உண்டு. அந்த எலிசபெத் காட்டன் இடது கைப் பழக்கம் உள்ளவர். வலது கைக்காரர்களின் கிட்டாரைக் கம்பி மாற்றாமல் தலைகீழாகப் பிடித்து, மெட்டைக் கட்டைவிரலாலும் அடி ஸ்வரத்தை மற்ற விரல்களாலும் எடுத்தவர். அதாவது ஜோனி பின்பற்ற முயன்று தவறவிட்ட முறையே, வேறொரு பெண் தன் கைக்கு ஏற்ப வளைத்துக்கொண்ட முறை.

சரி, சுருதிக்கு வருவோம். நம் கிட்டார் தாழ்ந்த ஆறாம் கம்பியிலிருந்து முதல் கம்பி வரை இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சேர்ந்திருக்கும். வெறும் கம்பிகளை மீட்டினால் அது எந்தப் பாட்டும் இல்லை. ஆறாம் கம்பியை டி-க்கும், மூன்றாம் கம்பியை எஃப் ஷார்ப்புக்கும், இரண்டாம் கம்பியை ஏ-க்கும், முதல் கம்பியை டி-க்கும் இறக்கிவிட்டு மீட்டிப் பாருங்கள்: எந்த விரலும் வைக்காமலே டி மேஜர் கார்டு. இதற்கு ஓப்பன் டி என்று பெயர். ஒரே விரலை ஐந்தாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில்) குறுக்கே வைத்தால் ஜி மேஜர், ஏழாம் ஃப்ரெட்டில் வைத்தால் ஏ மேஜர். இது ஜோனியின் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் தென்பகுதி ப்ளூஸ் கலைஞர்கள் அவருக்கு முன்பே பல பத்தாண்டுகளாக வாசித்து வந்தது. ஜோனிக்கு இந்த வழியைக் காட்டியவர் எரிக் ஆண்டர்சன் என்ற பாடகர். இந்த ஓப்பன் மேஜர் சுருதிகளிலிருந்துதான் அவர் தொடங்கினார், ஆனால் அதோடு நிற்கவில்லை.

'ஹெஜிரா' ஆல்பத்தின் முதல் பாடலான 'கயோட்டி' சேர்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள்: சி, ஜி, டி, எஃப், சி, இ. சி-யை ஆதார ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் இது ச, ப, ரி, ம, ச, க. சங்கராபரணத்தின் ச ரி க ம ப அத்தனையும் ஒரே மீட்டில், விரல் வைக்காமலே ஒலிக்கின்றன. இதை மேஜர் என்றும் சொல்ல முடியாது, மைனர் என்றும் சொல்ல முடியாது. ஏதோ ஒன்று முடிவாகாமல் அந்தரத்தில் நிற்கும். ஜோனி இத்தகைய கார்டுகளைக் கேள்வி கேட்கும் கார்டுகள் என்பார்; தன் வாழ்க்கையில் தீராத கேள்விகள் இருந்ததால் அவை தனக்குப் பொருந்தின என்று சொல்லியிருக்கிறார். இப்போது உங்கள் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. இணையத்தில் அந்த இடத்துக்கு 'சி' என்று போட்டிருப்பார்கள், நீங்கள் நிலையான சுருதியில் சி பிடிப்பீர்கள். பெயர் சரி, ஆனால் அந்த ரி-யும் ம-வும் எங்கே? அடியில் முழங்கும் அந்தத் தாழ்ந்த சி எங்கே? நம் கிட்டாரில் சி பிடிக்கும்போது மிகக் கீழே கிடைப்பது அதற்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள சி தான். நீங்கள் தவறாக வாசிக்கவில்லை. உங்கள் கம்பிகளில் அந்த ஸ்வரங்கள் இல்லை, அவ்வளவுதான்.

இத்தனை சுருதிகளையும் நினைவில் வைக்க அவர் தரப்பில் ஒரு எளிய குறிப்பு முறை இருந்தது. ஆறாம் கம்பியின் ஸ்வரத்தை எழுதி, அடுத்த கம்பியை அதற்கு முந்தைய கம்பியின் எத்தனையாவது ஃப்ரெட்டோடு ஒத்துச் சேர்க்க வேண்டும் என்ற எண்களை வரிசையாகப் போடுவது. நிலையான சுருதி இ 55545. ஓப்பன் ஜி என்றால் டி 57543. 'கயோட்டி' சி 77374. இந்த எண்களில்தான் அழகு இருக்கிறது. குரல் வருடத்துக்கு வருடம் கீழே இறங்கியபோது அவர் அதே எண் வரிசையை வைத்துக்கொண்டு முதல் எழுத்தை மட்டும் இறக்கினார். கை பழகிய வடிவம் மாறாது, சுருதி மட்டும் இறங்கும். மொத்தம் எத்தனை சுருதிகள் என்று ஆளுக்கொரு எண் சொல்வதற்கும் காரணம் இதுதான். ஐம்பதைத் தாண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இறக்கிச் சேர்த்த அதே வடிவத்தைத் தனியாக எண்ணுகிறவர் பெரிய எண் சொல்வார், எண்ணாதவர் சிறிய எண் சொல்வார். நிலையான சுருதியில் அவர் பதிவு செய்தவையோ விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இனி சந்தேகமான பகுதி. போலியோ வந்தது உறுதி, கை பலவீனமானது அவர் வாய்மொழியாகவே உறுதி, சுருதியை மாற்றியது உறுதி. ஆனால் 'அதனால்தான் இது' என்று முடிச்சுப் போடும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அதே காலத்தில் இரண்டு கையும் நன்றாக இருந்த எத்தனையோ பேர் சுருதியை மாற்றினார்கள். இங்கிலாந்தில் டேவி கிரஹாம் என்ற கிட்டார் கலைஞர் டி ஏ டி ஜி ஏ டி என்ற சுருதியைப் பரப்பினார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாம் கம்பியைக் கழற்றிவிட்டு ஐந்தே கம்பியில் ஓப்பன் ஜி வாசிக்கிறார். அவ்வளவு தூரம் போவானேன், நம் வயலினையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கில் ஜி, டி, ஏ, இ என்று சேர்ப்பதை நாம் ச ப ச ப என்று சேர்க்கிறோம். பாலுசாமி தீட்சிதர் காலத்தில் தொடங்கி அந்த வாத்தியம் நம்முடையதாகவே ஆகிவிட்டது. யாருக்கும் கையில் கோளாறு இல்லை, நம் சங்கீதத்துக்கு அது தேவைப்பட்டது. ஆகவே என் முடிவு இது: கை அவரை ஓப்பன் டி வரைக்கும், ஓப்பன் ஜி வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கலாம். வசதிதான் நோக்கம் என்றால் அங்கேயே நின்றிருக்கலாம், ஆயுளுக்கும் போதும். அங்கிருந்து சி 77374 வரை நடந்தது கை அல்ல, காது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பத்து வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு இளைஞர் வந்தார். லேத் பட்டறையில் வேலை. இடது கை மோதிர விரலில் மேல் கணு இல்லை. அதற்கு முன் இரண்டு இடத்தில் சேர்ந்து, இந்த விரலை வைத்துக்கொண்டு கிட்டார் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். நான் அவருடைய கிட்டாரை வாங்கி ஓப்பன் டி-க்கு இறக்கி, மடியில் வைத்துக் கொடுத்தேன். ஒரு தடவை மீட்டினார். மறுபடி மீட்டினார். வெறும் கம்பியே முழுக் கார்டாக ஒலிப்பதைக் கேட்டுவிட்டு, "சார், நான் இன்னும் எதுவும் பிடிக்கலையே" என்றார். ஒரு மாதத்தில் மூன்று பாடல் வாசித்தார். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வருடம் நடந்தது. அவராகவே மூன்றாம் கம்பியை அரை ஸ்வரம் ஏற்றி ஜி-க்குக் கொண்டுபோய், "இது இன்னும் நல்லா இருக்கு சார், முடியாத மாதிரி நிக்குது" என்று வந்து காட்டினார். அவருக்கு அது தேவையே இல்லை, விரல் அந்த ஓப்பன் டி-யிலேயே சௌகரியமாகத்தான் இருந்தது. காதுக்குத்தான் அது வேண்டியிருந்தது. ஜோனி விஷயத்தில் நான் இப்படி நினைப்பதற்கு அந்தச் சாயங்காலம் ஒரு பெரிய காரணம்.

இந்தச் சுருதி விவகாரம் பாடல் எழுதுவதோடு முடியவில்லை, அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதையும் அதுவே திருப்பிவிட்டது. ஆரம்பத்தில் அவர் பாடல்கள் மற்றவர்கள் குரலில்தான் பரவின. 'போத் சைட்ஸ் நவ்' பாடகி ஜூடி காலின்ஸ் பாடி 1968-ல் வெற்றி பெற்றது, ஜோனியின் சொந்தப் பதிவு 1969-ல்தான் வந்தது. தன் பாடல்களின் வெளியீட்டு உரிமையை ஆரம்பத்திலேயே சொந்த நிறுவனம் தொடங்கி வைத்துக்கொண்டார். அந்த வயதில் அந்தத் தெளிவு எனக்கு இன்றும் ஆச்சரியம். 1967-ல் ஃப்ளோரிடாவில் அவர் பாடுவதைக் கேட்ட பாடகர் டேவிட் கிராஸ்பி முதல் ஆல்பத்தைத் தயாரித்தார். பெரிய பக்கவாத்தியம் எதுவும் வேண்டாம், இந்தக் கிட்டாரும் குரலும் போதும் என்று காத்துக் கொடுத்தது கிராஸ்பி செய்த பெரிய உபகாரம். பதிவில் இரைச்சல் வந்து, அதை நீக்கும்போது ஒலியின் தெளிவு மங்கியது வேறு கதை.

1971-ல் வந்த 'ப்ளூ' ஆல்பத்தில் கிட்டாருக்குப் பதிலாக அவர் டல்சிமர் வாசிக்கும் பாடல்கள் நான்கு. டல்சிமர் என்பது மடியில் படுக்க வைத்து வாசிக்கும் அமெரிக்க மலைநாட்டு வாத்தியம். ஒரு கம்பியில் மெட்டு, மற்றவை ஸ்ருதி போல ஒலித்துக்கொண்டிருக்கும். ஐரோப்பாவில் ஊர் சுற்றும்போது தூக்கிக்கொண்டு போக எளிதாக அதை எடுத்துப்போனார். கிட்டாரை ஓப்பன் சுருதியில் பழகிய கைக்கு அது அந்நியமே இல்லை.

பக்கவாத்தியக்காரர்களோடு சேர்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. ராக் இசைக்காரர்கள் அவர் வாசிப்பதைப் பார்த்து இது என்ன கார்டு என்று கேட்பார்கள். பெயர் அவருக்கே தெரியாது, விரல் இருக்கும் இடம்தான் தெரியும். தாளமும் அவர் இஷ்டப்படி ஒரு இடத்தில் நீளும், ஒரு இடத்தில் சுருங்கும். கடைசியில் டிரம்ஸ் வாசிக்கும் ரஸ் கங்கல்தான், நீ ஜாஸ்காரர்களைத் தேடிப் போ என்றார் என்று ஜோனி சொல்லியிருக்கிறார். போனார். 1974-ல் டாம் ஸ்காட்டின் ஜாஸ் குழுவோடு செய்த 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்' அவருடைய வணிக உச்சம், பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம். அதே பாணியில் இன்னும் நான்கு ஆல்பம் போட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவரோ அடுத்த வருடமே புருண்டி நாட்டு முரசு ஒலியைப் பாட்டில் கொண்டுவந்தார். விமர்சகர்கள் பலர் கைவிட்டார்கள். 1976-ல் கிழக்குக் கோடியில் உள்ள மெய்ன் மாநிலத்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை தனியாகக் காரோட்டி வந்த பயணத்தில் 'ஹெஜிரா' பாடல்கள் பிறந்தன. அதில் நான்கு பாடல்களுக்கு ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட் இல்லாத பேஸ் கிட்டார் வாசித்திருக்கிறார். ஃப்ரெட் இல்லாததால் அவர் விரல் நம் வீணைக் கமகம் மாதிரி ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகும். அந்தரத்தில் நிற்கும் ஜோனியின் கார்டுக்குக் கீழே தரையை உறுதியாக்காமல் அவரும் கூடவே மிதந்தார். ஒரே ஒரு ஆல்பம் கேட்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், 'ப்ளூ' அல்ல, இதைத்தான் கொடுப்பேன். 1979-ல் ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸின் மெட்டுகளுக்கு வரிகள் எழுதி ஒரு ஆல்பம். அது முடியும் முன்பே, ஜனவரியில் மிங்கஸ் இறந்துவிட்டார்.

மேடையில் இந்தச் சுருதிகள் பெரிய உபத்திரவம். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்குள் ஆறு கம்பியையும் மாற்ற வேண்டும். இறக்கிய கம்பி சும்மா இருக்காது, பாட்டின் நடுவிலேயே மெல்லப் பழைய இடத்துக்கு ஏறப் பார்க்கும். கல்யாணக் கச்சேரிகளில் நான் இதைச் செய்து பார்த்து வியர்த்திருக்கிறேன், அதுவும் இரண்டே சுருதிக்கு. இந்தத் தொல்லையால் 1990களின் நடுவில் அவர் மேடையையே விட்டுவிடும் நிலைக்கு வந்தார். அப்போது ஃப்ரெட் வாலெக்கி என்ற இசைக்கருவி வியாபாரி ரோலண்ட் வி.ஜி.-8 என்ற கருவியை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கம்பிகள் நிலையான சுருதியிலேயே இருக்கும், ஒவ்வொரு கம்பியின் ஒலியையும் மின்னணு முறையில் வேண்டிய ஸ்வரத்துக்கு மாற்றித் தரும். 1995-ல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழாவில் அதோடு மேடை ஏறினார். மரக் கிட்டாரின் சாரீரம் அதில் இல்லை என்று வருந்துகிறவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருவன்தான். ஆனாலும் அந்தப் பெட்டி இல்லாவிட்டால் 1998-ல் பாப் டிலனோடும் வான் மாரிசனோடும் அவர் ஊர் ஊராகப் போயிருப்பாரா என்பது சந்தேகம்.

2015-ல் மூளையில் இரத்தக்குழாய் வீங்கி வெடித்து, நடக்கவே மறுபடி கற்க வேண்டியிருந்தது. கிட்டார் முழுக்க மறந்துபோனது. ஐம்பதுக்கு மேற்பட்ட சுருதி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு விரல் வடிவம், எல்லாம் போயிற்று. தன் பழைய வீடியோக்களை இணையத்தில் போட்டு, விரலை எங்கே வைத்திருக்கிறேன் என்று தானே பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். 2022 ஜூலையில், எழுபத்தெட்டு வயதில், அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் எழுந்து நின்று எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒரு பாடலைத் தனியாக வாசித்தார், பாடாமல். 1969-க்குப் பிறகு அந்த மேடையில் அதுதான் முதல் தடவை. அந்த வீடியோவைக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருமுறை பாருங்கள். வேகம் இல்லை, சில இடத்தில் விரல் தயங்கித்தான் இறங்குகிறது. ஆனால் அந்த முடிவாகாத கார்டு முதல் மீட்டிலேயே இருக்கிறது. நான் அதைப் பார்த்த அன்று வகுப்பு எடுக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இது. எடுத்த எடுப்பில் 'கயோட்டி'க்குப் போகாதீர்கள். முதலில் ஓப்பன் ஜி: ஆறாம், முதல் கம்பிகளை டி-க்கும், ஐந்தாம் கம்பியை ஜி-க்கும் இறக்குங்கள், மற்ற மூன்றையும் தொட வேண்டாம். நான்காம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு 'தி சர்க்கிள் கேம்' பாடலைக் கேட்டுக்கொண்டே தேடுங்கள், கார்டு தாளைப் பார்க்காதீர்கள். ஒரு மாதம் கழித்து ஓப்பன் டி. அப்புறம் சி 77374: ஆறாம் கம்பியை நான்கு அரை ஸ்வரம் இறக்கி சி, ஐந்தாம் கம்பியை இரண்டு இறக்கி ஜி, மூன்றாவதை இரண்டு இறக்கி எஃப், இரண்டாவதை மட்டும் ஒன்று ஏற்றி சி. ஏற்றும்போது கீயை மெதுவாகத் திருகுங்கள், பழைய கம்பியாக இருந்தால் மாற்றிவிட்டுச் செய்யுங்கள். சாதாரண மெல்லிய செட்டில் அந்தத் தாழ்ந்த சி தொளதொளவென்று ஃப்ரெட்டில் அடிபட்டு இரையும், ஆகவே ஆறாம் கம்பியாவது கொஞ்சம் தடிமனாக வாங்கிப் போடுங்கள். ஒவ்வொரு கம்பியையும் சேர்த்த பிறகு லேசாக இழுத்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும், இரண்டு மூன்று தடவை ஆகும். பிறகு விரல் எதுவும் வைக்காமல் ஒருமுறை மீட்டி, ஒலி முழுவதும் அடங்கும்வரை கேளுங்கள். சுருதி நிற்காமல் ஏறி இறங்கினால் எழுதுங்கள், பெரும்பாலும் நட்டில் (கழுத்தின் உச்சியில் கம்பி உட்காரும் பள்ளத்தில்) கம்பி சிக்குவதாகத்தான் இருக்கும், அதற்கு வழி இருக்கிறது.